ஆட்டுக்கால் சூப் முதல் சி.டி. ஸ்கேன் வரை: யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

காரைக்குடி பக்கம் கொத்தமங்கலம் மாதிரி ஊர்களில் ஆட்டுக்கால் சூப் குடித்திருக்கிறீர்களா? கொஞ்சம் ஆறினால் உதட்டில் ஒட்டும். அந்தப் பிசுபிசுப்புக்குக் காரணம் கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருக்கும் புரதம் இது. கொதிக்கக் கொதிக்க ஜெலட்டினாக மாறிவிடும்.

இந்தப் புரதத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன? அமெரிக்காவின் லைனஸ் பாலிங் 1951-ல் சொன்ன வடிவம் பொருந்தவில்லை. சரியான வழியைக் காட்டியது நம்ம சென்னை. காட்டியவர் ஜி.என்.ராமச்சந்திரன்.

1922-ல் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பொறியியல் படிக்கச் சேர்ந்து, சர் சி.வி.ராமனின் மாணவராக இயற்பியலுக்கு மாறினார். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் முடித்து, 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போது வயது சுமார் 30.

அவர் கையில் இருந்த கருவி எக்ஸ்-ரே படிகவியல். அது என்ன? ஒரு படிகத்தின் மீது எக்ஸ்-ரே கதிரைப் பாய்ச்சினால், அது சிதறி ஃபிலிமில் புள்ளி புள்ளியாக விழும். புள்ளிகளை மட்டும் பார்த்துக் கோலத்தைக் கண்டுபிடிப்பதுபோல, அவற்றிலிருந்து அணுக்களின் இடத்தைக் கணக்குப் போட்டுப் பிடிக்க வேண்டும்.

சென்னை வந்த பிரிட்டன் அறிஞர் ஜே.டி.பெர்னால், கொலாஜன் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்ல, ராமச்சந்திரன் அதைக் கையில் எடுத்தார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். கங்காரு வாலின் தசைநாண் அங்கிருந்து கிடைத்தது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார்கள்: கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது. அந்த இழைகள் முப்புரிக் கயிறுபோல ஒன்றையொன்று சுற்றியிருக்கின்றன என்று மறு ஆண்டே அதைச் செம்மைப்படுத்தினார்கள்.

அங்கேதான் சிக்கல் வந்தது. டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், இந்த வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். பிணைப்பு விவரத்தில் அவர்கள் செய்த திருத்தம் நிலைத்தது. ஆனால் மூன்று இழை என்ற அடிப்படை சென்னையுடையதுதான்.

வேறொருவராக இருந்தால் மனம் விட்டிருப்பார். ராமச்சந்திரன் விமர்சனத்தையே கேள்வியாக்கினார்: அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளை எல்லாம் அலசினார்கள். சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963-ல் வெளியிட்டதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எதில் திரும்பவே முடியாது என்பதை ஒரே சதுரத்தில் காட்டும் படம் அது.

இதனால் நமக்கென்ன? மருந்து செய்ய, நோய்க்கிருமியின் புரத வடிவம் தெரிய வேண்டும். கொரோனா காலத்திலும் அப்படித்தான். இன்றும் ஒரு புரத வடிவம் வெளியானால், அது சரியா என்று பார்க்க இந்த வரைபடத்தில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு கணிக்கும் வடிவங்களுக்கும் இதே சோதனை உண்டு.

1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து இன்னொன்றும் செய்தார். எக்ஸ்-ரே படங்களிலிருந்து உள்ளுறுப்பின் வடிவத்தை வேகமாகத் திரட்டும் கணித வழி அது. சி.டி. ஸ்கேன் தொழில்நுட்பத்துக்குப் பெரிதும் கைகொடுத்தது. 1979-ல் சி.டி. ஸ்கேனுக்காக வேறு இருவருக்கு நோபல் கிடைத்தது. ராமச்சந்திரனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1999-ல் படிகவியலின் உயரிய எவால்ட் பரிசு வந்தது. 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.

காரைக்குடி சிக்ரியில் இன்றும் பேட்டரிப் பொருட்களை எக்ஸ்-ரேயில் வைத்து ஆராய்கிறார்கள். அந்த வளாகத்தைத் தாண்டிப் போகும் பிள்ளைகளுக்கு, கிண்டியில் நடந்த இந்தக் கதையையும் சொல்லலாமே!