வெள்ளத்திற்குக் கணக்குப் பார்த்த பேராசிரியர்

இராஜபாளையம் நூற்பாலைகளில் வேலை பார்க்கும் வீட்டார் உள்ள தோழியர், நூலின் நம்பரைச் சோதிப்பது பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு நாளில் நூற்ற நூல் முழுவதையும் நிறுத்துப் பார்க்க இயலாது. ஆகவே சில கோன்களிலிருந்து குறித்த நீளம் எடுத்து, நிறுத்து, சராசரி காண்பர். 40-ஆம் நம்பராக இருக்க வேண்டிய நூல் 39 என்று வந்தால், இயந்திரம் பிசகிவிட்டதா, அல்லது எடுத்த கோன்கள் தற்செயலாக அப்படி அமைந்தனவா? சராசரி மாறவில்லை என்றே முதலில் வைத்துக்கொண்டு, கண்ட வேறுபாடு தற்செயலாக நேரக்கூடியதா என்று கணக்கிடுவது புள்ளியியல் வழி. தற்செயலுக்கு மிஞ்சியதானால்தான் அக்கருதுகோளைக் கைவிட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாப் பெட்டிகளின் எடையையும் இவ்வாறே சோதிக்கலாம். (சுவையைச் சோதிக்கும் முறையை நாம் அனைவரும் அறிவோம்!)

இத்தகைய சிந்தனையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். 1893 ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த இவர், பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம் பயின்று, 1913-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே நம் கணித மேதை இராமானுஜன் இவருக்கு நண்பரானார். குளிரில் வாடிய இராமானுஜனுக்கு, கட்டிலில் விரித்த கம்பளிகளுக்குள் நுழைந்து உறங்கும் விதத்தைக் காட்டிக் கொடுத்தவர் இவரே.

தாயகம் திரும்பும்போது ‘பயோமெட்ரிகா’ என்னும் புள்ளியியல் ஆராய்ச்சி இதழின் தொகுதிகளை வாங்கி வந்தார். கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். பௌதிகப் பேராசிரியராகவே வேலையில் அமர்ந்தாலும், மனம் புள்ளியியலில் ஊன்றிவிட்டது.

1926-இல் ஒரிஸ்ஸாவில் பிராமணி ஆறு பெருக்கெடுத்துப் பேரழிவு விளைவித்தது. ஆற்றுப் படுகை மேடிட்டுவிட்டது, கரைகளை உயர்த்த வேண்டும் என்றனர் பொறியாளர்கள். கண்ணால் கண்ட வெள்ளத்தை எவர் மறுப்பார்? ஆனால் ஓர் ஆண்டு வெள்ளம் ஒரு கோன் நூலைப் போன்றதுதானே! மகலனோபிஸ் சுமார் 60 ஆண்டுக் குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார். படுகை குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததற்குச் சான்றில்லை. வெள்ளம் வந்தது ஆற்றின் மேற்பகுதியில் பெய்த பெருமழையால். அப்படியானால் கரையை உயர்த்துவது வீண் செலவு. கரையோரத்து ஏழைக் குடிகளும் அதை நம்பி ஏமாந்திருப்பர். மேற்பகுதியில் அணை கட்டி நீரைத் தேக்குவதே தக்கது என்றார். ஒரிஸ்ஸா ஆறுகளைப் பற்றிய இவருடைய கணக்குகள் பிற்காலத்தில் மகாநதியின் ஹிராகுட் அணைத் திட்டத்திற்கும் உதவின. அந்த அணை 1957-இல் திறக்கப்பட்டது.

1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தோற்றுவித்தார். அது தொடங்கியது பிரசிடென்சி கல்லூரியில் இவருடைய அறையில்தான். எல்லா வீடுகளையும் எண்ணாமல், முறைப்படி தேர்ந்த சில வீடுகளைக் கொண்டு மக்களின் வாழ்வை அறியும் தேசிய மாதிரி ஆய்வு 1950-இல் இவர் முயற்சியால் பிறந்தது. 1968-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்.

1972 ஜூன் 28 அன்று, தமது 79-ஆம் பிறந்த நாளுக்கு முதல் நாள், காலமானார். 2007 முதல் ஜூன் 29 நம் நாட்டில் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது.