ஊக்கு, காசு, கடலை: ஒரு டாக்டரின் பேரேடு



நம் பிளாக்குகளில் தவழும் குழந்தைகள் இப்போது அதிகம். ஆகவே இந்த இதழில் டாக்டர் செவாலியர் ஜாக்சனைப் பற்றி எழுதுகிறேன். செவாலியர் என்பது இங்கே பட்டம் அல்ல, பெற்றோர் வைத்த பெயர்தான்.

1865-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். 1886-ல் பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அக்காலத்தில் மூச்சுக்குழாயில் காசோ கடலையோ சிக்கினால் பல குழந்தைகள் பிழைப்பதில்லை. ஜாக்சன், நுனியில் சிறு விளக்கு பொருத்திய குழாயை வாய் வழியாகச் செலுத்தி, உள்ளே பார்த்து, இடுக்கியால் பொருளை எடுத்தார். கத்தி வைக்கவில்லை. திறந்து கிடக்கும் ஊக்கை உள்ளேயே மூடி எடுக்கவும் கருவி செய்தார்.

இதில் என்ன சிரமம் என்று கேட்பீர்கள். குழந்தையின் மூச்சுவழி மிகக் குறுகல். டாக்டர் வேலை செய்ய வேண்டியதும், குழந்தை மூச்சு விட வேண்டியதும் அதே வழி. அன்றைய ஈதர், குளோரோபார்ம் மயக்கத்தில் மூச்சே நின்றுவிடும் அபாயம் இருந்தது. அதனால் ஜாக்சன் பெரும்பாலும் குழந்தைகளுக்கு மயக்க மருந்தே கொடுக்காமல், துணியில் சுற்றி, உதவியாளர்கள் பிடித்துக்கொள்ள, மென்மையாக முடித்துவிடுவார். இன்று குழாயின் பக்கவாட்டு வழியில் ஆக்சிஜன் செலுத்தியபடியே மயக்கவியல் டாக்டர் குழந்தையைத் தூங்க வைக்கிறார். அதற்கு முன் சில மணி நேரம் எதுவும் கொடுக்கக் கூடாது என்பார்கள். அழுகிறதே என்று ஒரு பிஸ்கட் கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் அது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம்.

வங்கியில் பேரேடு எழுதியே காலம் கழித்த எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறொன்று. எடுத்த ஒவ்வொரு பொருளையும் விவரத்தோடு பதிந்து பத்திரப்படுத்தினார். 2,300-க்கும் மேற்பட்ட அப்பொருட்கள் இன்றும் பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன.

சர்க்கரை என்று நினைத்துக் காஸ்டிக் சோடாவை விழுங்கி, உணவுக்குழாய் வெந்துபோன குழந்தைகளும் அவரிடம் வந்தார்கள். வைத்தியம் மட்டும் போதாது என்று, டப்பாவில் விஷம் என அச்சிடச் சட்டம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார். 1927-ல் சட்டம் வந்தது. 1958-ல், 92 வயதில் காலமானார்.

நம் வீடுகளில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அடைப்பு நீக்கும் பொடியையும் ஆசிட்டையும் குளிர்பான பாட்டிலில் வைக்காதீர்கள். சின்னக் குழந்தைக்கு முழு வேர்க்கடலை தராதீர்கள். ரிமோட், பொம்மைகளில் உள்ள பட்டன் பேட்டரியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தானாக வெளியே வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.