பர்தாவைத் தாண்டிய கேமரா: ராஜா தீன் தயாள்

சோரியாங்குப்பம் ஆத்துத் திருவிழாவில் சாமி தென்பெண்ணைக் கரைக்கு வந்து சேர்றதுக்குள்ள நம்மாளுங்க நூறு செல்ஃபி எடுத்து முடிச்சிருப்பாங்க. ஆனா, தன் முகம் வெளி ஆம்பளைங்க கண்ணுல படவே கூடாதுன்னு இருக்கிற பெண், ஒரு போட்டோ எடுத்துக்க ஆசைப்பட்டா என்ன செய்வார்? 1890-களில் ஐதராபாத்தில் இதற்கு வழி கண்டவர் தீன் தயாள்.

1844-ல் மீரட் பக்கம் சர்தானாவில் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தவர். ரூர்க்கியில் இன்ஜினீயரிங், இந்தூரில் பொதுப்பணித் துறை வேலை. கேமரா வெறும் பொழுதுபோக்குதான். மன்னர் ஹோல்கரும் ஆங்கில அதிகாரிகளும் ஊக்கம் கொடுக்க, கவர்ன்மென்ட் உத்தியோகத்தையே விட்டுட்டார். (நம்ம வீட்ல விட்ருவாங்களா?) 1880-களில் ஐதராபாத்தின் ஆறாவது நிஜாம் மஹ்பூப் அலி கான் அவரைத் தன் அரசவைப் புகைப்படக்காரர் ஆக்கினார். அரண்மனை, விருந்து, புலி வேட்டை என எல்லாவற்றையும் படம் பிடித்தார். பின்னாளில் யார் கொலையால் முதல் உலகப்போர் மூண்டதோ, அந்த ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்ட் 1893-ல் ஐதராபாத் வந்தபோது படமெடுத்தவரும் இவர்தான்.

ஆனால், அரண்மனைப் பெண்கள்? ஈரானில் மன்னர் நாசிருத்தீன் ஷாவுக்கே கேமரா பைத்தியம். அந்தப்புரத்தில் தன் மனைவிகளைத் தானே படமெடுத்துக்கொண்டார். கணவர்தானே, சிக்கல் இல்லை. எல்லா வீட்டிலும் அது நடக்குமா?

தீன் தயாள் 1892-ல் பெண்களுக்கு மட்டுமான ‘ஜெனானா’ ஸ்டூடியோவைத் திறந்தார். சுற்றிலும் உயர்ந்த மதில். பொறுப்பில் கென்னி-லெவிக் என்ற ஆங்கிலப் பெண்மணி, உதவிக்கு உள்ளூர்ப் பெண்கள் மட்டும். முதலாளியே ஆனாலும் தீன் தயாளுக்கு அங்கே வேலை இல்லை! அன்றைக்குப் படம் கண்ணாடித் தகட்டில் விழும். அதை இருட்டறையில் கழுவி, காகிதத்தில் அச்சிட வேண்டும். அப்போ, கிளிக் செய்பவர் மட்டும் பெண்ணாக இருந்தால் போதுமா? கழுவுற கை யாருது, அச்சுப் போடும்போது பார்க்கிற கண்ணு யாருது? எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்ததே, பிரச்னை லென்ஸில் இல்லை, யார் பார்க்கிறார்கள் என்பதில்தான் என்று அவர் புரிந்துகொண்டதுதான்.

1894-ல் நிஜாம் அவருக்கு ‘ராஜா பகதூர் முசவ்விர் ஜங்’ பட்டம் கொடுத்தார். ‘முசவ்விர்’ என்றால் உருவம் படைப்பவர். 1896-ல் பம்பாயிலும் ஸ்டூடியோ. 1905-ல் காலமானார். அவருடைய கண்ணாடித் தகடுகளில் 2,857-ஐ டெல்லி இந்திரா காந்தி தேசிய கலை மையம் 1989-ல் வாங்கிப் பத்திரப்படுத்தியது.