பூசாத சுவர் சொன்ன பாடம்



நான் பெரியதாழைக்காரன். நான் ஒண்ணாம் வகுப்பு படித்த பள்ளிச் சுவரில் கடற்காற்றுக்கு உப்பு பூத்துப் பூச்சு உதிரும். நாங்களும் நகத்தால் சுரண்டுவோம். உள்ளே சிவப்பாய்ச் செங்கல் தெரியும். மறுபடி பூசுவார்கள், மறுபடி உதிரும். சிவில் டிப்ளமோ சேர்ந்த பிறகுதான், பூசாமலே பள்ளி கட்டிய ஒரு மாமனிதரைப் பற்றி அறிந்தேன். அவர்தான் லாரி பேக்கர்.

1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்தவர். 1937-ல் கட்டிடக்கலைப் படிப்பை முடித்தார். உலகப் போரின்போது சீனாவில் மருத்துவத் தொண்டு செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்தித்தார். வீடு கட்ட ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளே போதும் என்ற காந்தியக் கருத்து அவர் மனதில் பதிந்தது. 1945-ல் தொழுநோயாளிகளுக்கான கட்டிடப் பணிக்காக இந்தியா வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார். 1948-ல் கேரளத்து டாக்டர் எலிசபெத்தை மணந்து, இமயமலையின் பித்தோராகரில் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார். மலைமக்கள் கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய வீடுகளே அவருக்கு இரண்டாவது கல்லூரி.

1963-ல் கேரளம் வந்தார். மேரி ராய் 1967-ல் கோட்டயத்தில் தொடங்கிய பள்ளிக்குக் கட்டிடம் அமைத்தவர் இவரே. திருவனந்தபுரம் பூந்துறையில் மீனவர்களுக்கும் வீடு கட்டினார்.

அவருடைய எலிப்பொறிக் கட்டு நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவது. நடுவே வெற்றிடம் விழும். ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சம். வெயிலும் உள்ளே அவ்வளவாக இறங்காது. இடைவெளி விட்டுக் கட்டிய அவருடைய வேறு சுவர்களில், ஜன்னலுக்குப் பதில் செங்கல் இடைவெளிகளே காற்றும் வெளிச்சமும் தரும். பூச்சுச் செலவும் இல்லை.

பின்னாளில் இந்தியக் குடிமகனானார். 1990-ல் பத்மஸ்ரீ. 2007 ஏப்ரல் 1-ல் தொண்ணூறு வயதில் மறைந்தார்.

அப்படியே காப்பியடித்தால் எங்க ஊருக்குச் சரிப்படுமா? படாது. அரைவேக்காட்டுக் கல்லைப் பூசாமல் விட்டால் உப்புக்காற்று அரித்துவிடும். நன்றாக வெந்த கல்தானா என்று இரண்டைத் தட்டிப் பார்க்கணும், கணீரென்று ஒலிக்கணும். மண்ணையும் காற்றையும் பார்த்த பிறகே பென்சிலை எடு என்பதுதான் அவர் வாழ்க்கை நமக்குச் சொல்வது.

பூச்சில் மிச்சமாகும் காசில் பிள்ளைகளுக்கு இன்னொரு வகுப்பறை எழும்பும். பெரியதாழையில் அப்படி ஒன்றாவது கட்டணும் என்பதே என் ஆசை. கொத்தனாராக நிற்க நண்பர்கள் நீங்களும் வாங்க!

— மூன்றாம் ஆண்டு, சிவில்