விழுந்து எழக் கற்றுக்கொடுத்தவர்

நமது நாட்டின் தேசிய விளையாட்டான கரப்பந்தாட்டத்தைக் கற்பிக்கும் எவரும் ஹிரோபுமி டைமாட்சுவை அறிந்திருக்க வேண்டும்.

1921இல் ஜப்பானில் பிறந்த அவர், பல்கலைக்கழகக் காலத்தில் கரப்பந்தாட்ட வீரர். இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனை சென்று உயிர் தப்பித் திரும்பினார். பின்னர் ஒசாக்காவுக்கு அருகிலுள்ள கைசுக்கா நூற்பாலையில், அங்கு வேலை செய்த யுவதிகளின் அணிக்குப் பயிற்றுவிப்பாளரானார்.

பகலில் வேலை, அதன்பின் நள்ளிரவு வரை பயிற்சி. ஐரோப்பியரை விட உயரம் குறைந்த அவர்களுக்கு, பாய்ந்து பந்தை எடுத்து, உருண்டு, உடனே எழும் முறையைப் பழக்கினார். அவர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட ஜப்பான் அணி, 1962இல் மொஸ்கோவில் சோவியத் ஒன்றியத்தை வென்று உலகச் சம்பியனானது. கரப்பந்தாட்டம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1964இல், டோக்கியோவில் தங்கமும் வென்றது. 1965இல் சீன வீராங்கனைகளுக்கும் பயிற்சியளித்தார். 1968இல் ஜப்பானிய மேல்சபைக்குத் தெரிவானார். 1978இல் காலமானார்.

அவரது கடுமை அன்றே விமர்சிக்கப்பட்டது. வெற்றிக்காகப் பிள்ளையின் உடலைப் பணயம் வைக்க எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை. அதை அவரிடமிருந்து நாம் எடுக்கத் தேவையில்லை. ஆனால், உயரம் போதாது என்று ஒரு மாணவியை அணியிலிருந்து ஒதுக்கும் முன், அந்த நூற்பாலை யுவதிகளை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம்.