சரந்தீபின் மலையேறிய மொரோக்கோ பயணி

கோணேசர் ஆலயம் அமைந்த சுவாமி மலையில் நின்று பார்ப்போருக்குக் கடல் தெரியும்; நாட்டின் உயர்ந்த மலைகள் தெரிவதில்லை. எனினும் மலைநாட்டில் ஊற்றெடுக்கும் மகாவலி எமது கொட்டியாரக் குடாவிலேயே கடலைச் சேர்கிறது. அந்த மலைநாட்டில் 2,243 மீற்றர் உயரத்தில் நிற்கும் சிகரத்தை இந்துக்கள் சிவனொளிபாதமலை என்றும், முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும், பௌத்தர்கள் ஸ்ரீபாத என்றும் அழைக்கின்றனர். சுமார் 680 ஆண்டுகளுக்கு முன்னர் அதன் மீதேறி, ஏறிய விதத்தை விரிவாகச் சொல்லிச் சென்றவர் இப்னு பதூதா.

1304 ஆம் ஆண்டு மொரோக்கோவின் தான்ஜியர் நகரில் பிறந்த அவர், 21 வயதில் ஹஜ் கடமைக்காகப் புறப்பட்டார். சொந்த ஊரை மீண்டும் காண 24 ஆண்டுகள் சென்றன. 1333 இல் ஹிந்துகுஷ் மலைத்தொடரைக் கடந்து இந்தியாவுக்குள் வந்தார். பனி மூடிய அக்கணவாயில் ஒட்டகங்களின் கால்கள் புதையாதிருக்க அவற்றின் முன்னே கம்பளித் துணிகளை விரித்துச் சென்றனராம். இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட அடிமைகள் அக்குளிரில் பெருந்தொகையாக மடிந்தமையாலேயே மலைக்கு அப்பெயர் வந்தது என்று அவர் பதிந்துள்ளார். டில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் நீதிபதியாகவும், பின்னர் மாலைதீவின் காழியாகவும் கடமையாற்றினார்.

1344 இல் மாலைதீவிலிருந்து தமிழகக் கரை நோக்கிச் சென்ற கப்பலைக் காற்று இலங்கைப் பக்கம் தள்ளியது. கடலில் இருந்தவாறே, புகைத்தூண் போல் எழுந்து நின்ற சிகரத்தை அவர் கண்டார். இறங்கிய இடம் புத்தளம். காற்று வேறு திசையில் வீசியிருப்பின் எமது துறைமுகம் அவரைக் கண்டிருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

அப்பகுதி அப்போது ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. முத்துக் குளிப்புக்குப் பேர்போன அத்தமிழ் மன்னர் பாரசீக மொழி அறிந்தவர். விருந்தினருக்கு விலையுயர்ந்த முத்துக்களை வழங்கி, வேண்டுவது யாதென வினவினார். ஆதம் நபியின் பாதச்சுவட்டைத் தரிசிப்பதன்றி வேறு நாட்டமில்லை என்றார் பயணி. மன்னர் பல்லக்கு ஒன்றையும், ஆண்டுதோறும் மலைக்குச் செல்லும் யோகிகள் 4 பேரையும், பிராமணர் 3 பேரையும், தம்மவர் 10 பேரையும், சுமை தூக்க 15 பேரையும் உடன் அனுப்பினார். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவருக்கு இந்து மன்னர் யோகிகளை வழித்துணையாக்கிய இச்செய்தியை, கன்னியா வெந்நீரூற்று முதலாக எச்சின்னம் எவருக்குரியது என்ற வாதம் ஓயாத எமது மாவட்டத்தவர் ஒருமுறை நின்று வாசிக்கலாம்.

சிகரத்துக்கு இரு பாதைகள் இருந்தன. ஒன்று ஆதத்தின் பெயராலும் மற்றையது ஹவ்வாவின் பெயராலும் வழங்கின. கடினமானது முன்னையதே. காட்டு வழியில் அட்டைகள் பாய்ந்து ஒட்டிக்கொள்ள, எலுமிச்சம் புளியைப் பிழிந்து அவற்றை விழச் செய்தனர். மலையேறுவோர் இன்றும் அறிந்த உபாயம்தான். உச்சியருகே செங்குத்துப் பாறையில் 10 சங்கிலிகள் தொங்கின. பத்தாவதைப் பற்றியவர் கீழே நோக்கி அஞ்சிக் கலிமாச் சொல்வதால் அதற்குக் கலிமாச் சங்கிலி என்றே பெயர். பாதச்சுவட்டின் நீளம் 11 சாண் என்கிறார். அதனை அளந்த கை சிறிது தாராளமானது போலும். பாறையில் குடைந்த 9 குழிகளில் யாத்திரிகர் பொன்னும் மாணிக்கமும் இட, அவற்றை எடுக்கப் பக்கீர்கள் முந்தி ஓடினராம். வழக்கப்படி 3 நாட்கள் தங்கிய பின்னர் இறங்கினார்.

இவ்வழியை முஸ்லிம்களுக்கு முதலில் திறந்தவர் ஷிராஸ் நகரத்து ஞானி இப்னு கபீஃப் என்ற கதையையும் அவர் கேட்டறிந்தார். பசி தாளாமல் யானைக்கன்றைக் கொன்று தின்ற தோழர்களை யானைகள் கொன்றன. உண்ண மறுத்த ஞானியை ஒரு யானை முதுகிலேற்றி ஊர் சேர்த்தது. அன்று தொட்டு இந்நாட்டவர் முஸ்லிம் பயணிகளைத் தம் வீட்டில் தங்கவைத்து, உணவளித்துப் போற்றினர் என்பது அவர் கூற்று. யானைக் கதையை நம்புவதும் விடுவதும் வாசகர் விருப்பம். உபசரிப்போ அவரே அனுபவித்தது.

தெற்கே தேவேந்திரமுனையில் பெருங்கோயிலையும், ஆயிரம் பிராமணரையும் யோகியரையும், இரவில் பாடியாடும் 500 பெண்களையும் கண்டார். அக்கோயிலைப் போர்த்துக்கீசர் 1588 இல் அழித்தனர். எமது கோணேசர் ஆலயமும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கையால் வீழ்ந்தது.

காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பிய இப்னு பதூதா, தமிழகக் கரையருகே கப்பல் சேதமுற்று உயிர் தப்பி, மதுரைச் சுல்தானிடம் சேர்ந்தார். பின்னர் சீனா வரை சென்று 1349 இல் தாயகம் மீண்டார். தாயாரோ அதற்குச் சில மாதங்கள் முன்னரே கொள்ளைநோயில் இறந்திருந்தார். மொரோக்கோ சுல்தானின் பணிப்பில் அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை எழுதிய நூல் 1355 இல் நிறைவுற்றது. அதன் பின் ஊர் நீதிபதியாக இருந்து, 1369 அளவில் காலமானார்.