ஆறு புள்ளிகள் தந்த மாணவன்

பிரான்ஸ் தேசத்தில், பரிஸ் மாநகருக்குக் கிழக்கே, கூவ்றே என்றொரு சிற்றூர். அங்கே குதிரைச் சேணம் தைத்துச் சீவித்த ஒருவரின் கடைசிப் பிள்ளையாக 1809ஆம் ஆண்டு தை மாதம் 4ஆம் திகதி பிறந்தவர் லூயி பிறெய்ல். மூன்று வயதிலே தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியை எடுத்து விளையாடியபோது அது தவறி ஒரு கண்ணிற் குத்திவிட்டது. புண் மறு கண்ணையும் பாதிக்க, ஐந்து வயதளவில் இரு கண்களும் ஒளியிழந்தன.

பெற்றோர் மகனை மூலையில் இருத்திவிடவில்லை. பங்குக் குருவான பலுயி அடிகளார் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊர்ப் பள்ளியும் அவனைச் சேர்த்துக்கொண்டது. 1819இல், பத்து வயதில், பரிஸிலுள்ள பார்வையற்ற இளைஞருக்கான அரச கல்லூரியில் இடம் கிடைத்தது.

அங்கே நூல்கள் மிகச் சிலவே. சாதாரண எழுத்துக்களைப் புடைக்கச் செய்த பாரமான நூல்கள் அவை. ஒவ்வோர் எழுத்தாகத் தடவி வாசிக்க நெடுநேரம் பிடித்தது. வாசிக்கத் துடித்த லூயிக்கு இது சொந்தத் துன்பம். அதனையே அவன் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டான்.

1821இல் சார்ள்ஸ் பார்பியே என்னும் இராணுவ அதிகாரி வகுத்த புள்ளி எழுத்து கல்லூரிக்கு வந்தது. அதன் கட்டம் பன்னிரண்டு புள்ளிகள் கொண்டது. விரல் நுனிக்குள் அடங்காது. ஒலியை மாத்திரம் குறித்தமையால் எழுத்துக்கூட்டலுக்கும் இடமில்லை. கண்ணுள்ளவர் உணராத இக்குறையை விரலால் வாசித்த மாணவன் உணர்ந்தான். தாளும் ஊசியுமாக இடைவிடாது முயன்று, 1824இல், பதினைந்து வயதிலே, புள்ளிகளை ஆறாகக் குறைத்தான். ஒரே தொடுகையில் ஓர் எழுத்து. ஆறு புள்ளிகளால் 63 குறிகள். 1829இல் இம்முறை நூலாக வெளிவந்தது. இசைக்கும் அதில் இடமிருந்தது.

பின்னர் அதே கல்லூரியில் ஆசிரியரானார். பரிஸ் ஆலயங்களில் ஓகன் வாசித்தார். ஆனால் 1840இல் பதவியேற்ற புதிய அதிபர் புள்ளி எழுத்துக்குத் தடை விதித்தார். மாணவரோ அதைக் கைவிடவில்லை. மறைவாக எழுதினர், மறைவாக வாசித்தனர். 1844இல் கல்லூரியின் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அம்முறை சபையோர் முன் செய்து காட்டப்பட்டது.

சயரோகத்தால் நெடுங்காலம் நலிந்த பிறெய்ல் 1852ஆம் ஆண்டு தை மாதம் 6ஆம் திகதி, 43 வயதில் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்தே, 1854இல், கல்லூரி அவருடைய முறையை முறைப்படி ஏற்றது. நூறாண்டுகளுக்குப் பின், 1952இல், அவரது உடல் பிரான்ஸின் பெருமக்கள் துயிலும் பந்தேயோனுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. கைகள் மாத்திரம் கூவ்றேயிலேயே உள்ளன. இன்று தமிழும் அந்த ஆறு புள்ளிகளில் வாசிக்கப்படுகிறது.

கண்ணைப் பறித்தது ஓர் ஊசி. எழுத்தைத் தந்ததும் ஓர் ஊசியே. குறையுள்ள பிள்ளையைக் கண்டு இரங்குவதோடு நின்றுவிடாமல், அப்பிள்ளை எதைத் தேடுகிறதென்று கேட்டறிவோம். பிறர் காணாத வழி அதற்குத் தெரிந்திருக்கக்கூடும்.